அத்தான் அவித்த கல்யாணம்

எங்கள் கல்யாணத்தை வீடியோ எடுத்தவர் என் வீட்டுக்காரருடைய அண்ணன். நான் அத்தான் என்று கூப்பிடுவேன். அவர் நல்லவரா என்று கேட்டால் நல்லவர். நம்பலாமா என்று கேட்டால் அங்கேதான் எனக்கு இடிக்கிறது. காலையில் ஒன்று தோன்றும், சாயங்காலம் வேறொன்று தோன்றும். நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கேள்வி என்று ஒன்று இருந்தால் விடை என்று ஒன்று வந்தாக வேண்டும் எனக்கு. இவர் விஷயத்தில் மட்டும் இத்தனை வருஷமாகியும் விடை வந்தபாடில்லை.

ஒல்லியான ஆள். நடந்து வந்தால் செருப்புச் சத்தம்கூடக் கேட்காது. கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தார். கம்பெனி பஸ்ஸில் போவார், வருவார், வந்ததும் திருநெல்வேலி டவுணில் ரதவீதிக்குப் பின்னால் இருக்கும் எங்கள் மாமனார் வீட்டு மாடிக்கு ஏறிவிடுவார். மாடியில் அவருடைய கம்ப்யூட்டர் இருந்தது. சட்டைப்பையில் எப்போதும் ஒரு மஞ்சள் துணி, கேமரா கண்ணாடியைத் துடைக்க. அதே துணியால் மூக்குக் கண்ணாடியையும் துடைப்பார், சில நேரம் மூக்கையும்.

யாருக்கும் எதையும் உடனே கொடுக்க மாட்டார். இதுதான் அவர். பணம் காசைச் சொல்லவில்லை, அதில் தாராளம். பதிலைச் சொல்கிறேன். என்னைப் பெண் பார்க்கக் கல்லிடைக்குறிச்சிக்கு வந்த அன்றைக்கு, காப்பி குடித்து முடித்ததும் அத்தை, அதாவது என் மாமியார், மூத்த மகனைத்தான் முதலில் பார்த்தார்கள். "என்னலே, உனக்கு என்ன தோணுது?" என்று கேட்டார்கள். அத்தான் டம்ளரைக் கீழே வைத்தார். வாயைத் துடைத்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். எங்கள் அப்பாவுக்கு முகமே மாறிவிட்டது. கடைசியில் "காப்பி நல்லாருக்கு" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று இரண்டு வீட்டாரும் குழம்பினார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில்தான் "பிள்ள நல்ல பிள்ளையாத் தெரியுது" என்றாராம்.

அவருடைய தங்கை மகளுக்குப் பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாள் இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. அத்தான் போனில் பார்த்தார். பார்த்துவிட்டுப் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"என்ன மாமா? பாஸா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"மொதல்ல எல்லாரும் இட்லியச் சாப்பிடுங்க. ஆறிப் போகுது."

அவளுக்கு இட்லி எங்கே இறங்கும்? அழவே ஆரம்பித்துவிட்டாள். எல்லோரும் கை கழுவிய பிறகுதான் சொன்னார், பள்ளிக்கூடத்திலேயே அவள்தான் இரண்டாவது என்று. எனக்கு வந்ததே கோபம். "நல்ல சேதியச் சொல்லதுக்கு இவ்வளவு நேரமா அத்தான்?" என்று கேட்டுவிட்டேன். "நல்லதோ கெட்டதோ, பச்சையாத் தூக்கி மூஞ்சில எறியப்பிடாதும்மா. பையச் சொல்லணும்" என்றார். அதைச் சொல்கிறபோது அவர் கண்ணில் அப்படி ஓர் அக்கறை. திட்ட வாயெடுத்தவள் இட்லித் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

கெட்ட சேதி என்றால் இன்னும் பைய. அத்தையின் தம்பி சேரன்மகாதேவியில் இறந்தபோது முதலில் தகவல் வந்தது அத்தானுக்குத்தான். அவர் வேலையிடத்திலிருந்து வீட்டுக்குப் போன் போட்டு, "மாமாவுக்கு லேசா முடியலையாம்" என்றார். கொஞ்சம் கழித்து, "கொஞ்சம் கூடுதலாத்தான் இருக்காம்." அதற்கப்புறம், "பொறப்பட்டுப் போனா நல்லது." லேசாக முடியாதவரைப் பார்க்க யார் விழுந்தடித்து ஓடுவார்கள்? அத்தை நிதானமாகச் சேலை மாற்றி, பூட்டைச் சரிபார்த்து, பழம் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். அதற்குள் ஆற்றங்கரைக்குக் கொண்டு போய்விட்டார்கள். கூடப் பிறந்தவன் முகத்தை அவர்கள் பார்க்கவில்லை. கையில் ஆப்பிள் பையோடு அந்த வாசலில் நின்றார்களாம். அத்தை அதற்காக மகனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குத்தான் ஆறவில்லை. அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து 'லேசா' என்று வந்தாலே நான் கைப்பையைத் தேட ஆரம்பித்துவிடுவேன்.

இப்படிப்பட்டவர் கையில்தான் எங்கள் கல்யாணம் மாட்டிக்கொண்டது. புதிதாக ஒரு ஹேண்டிகேம் வாங்கியிருந்தார். வெளியிலிருந்து வீடியோக்காரர் வேண்டாம், நானே எடுத்து, நானே எடிட் செய்து, பாட்டெல்லாம் சேர்த்துத் தருகிறேன் என்றார். கல்யாணம் கல்லிடைக்குறிச்சியில் நடந்தது. முகூர்த்தத்திலிருந்து பந்தி வரைக்கும் அலுக்காமல் சுற்றிச் சுற்றி எடுத்தார். மறுவீடு முடிந்து நாங்கள் பாளையங்கோட்டையில் தனிக்குடித்தனம் வந்த பிறகு, டவுணுக்குப் போகும்போதெல்லாம் நான் கேட்கிற முதல் கேள்வி, "வீடியோ என்னாச்சு அத்தான்?"

"கன்வெர்ட் ஓடிக்கிட்டிருக்கும்மா."

அது என்ன கன்வெர்ட் என்று அத்தை ஒருநாள் கேட்டார்கள். நானும் மாடியில் இருந்தேன். அத்தானுக்கு அன்றைக்கு நல்ல உற்சாகம்.

"இந்தக் கேமரா பெரிய கஞ்சன்மா. ஒரு படத்தத்தான் முழுசா எழுதும். அடுத்தடுத்து வாறதுல எது அசைஞ்சுதோ அத மட்டும் குறிச்சு வச்சுக்கிடும். இப்ப நீ கைய ஆட்டுதன்னா கைய மட்டும் எழுதும். பின்னால செவரு சும்மாத்தான நிக்கி? அத எழுதாது."

"பெறவு செவரு எப்படித் தெரியுது?" என்றேன் நான்.

"கணக்குப் போட்டுத்தான் காட்டுது. அதனாலதான் இத்தனூண்டு கார்டுல கல்யாணம் முழுசும் அடங்குது. ஆனா எடிட்டுன்னு ஒக்காந்து, நடுவுல நிறுத்தி, முன்ன பின்ன இழுத்து, இங்கன வெட்டு அங்கன ஒட்டுன்னா, ஒவ்வொரு தடவையும் முதல்லேருந்து கணக்குப் போடணும். அதுல தெணறிப் போகுது. அத ஒவ்வொரு படமும் முழுசா இருக்க மாதிரி மாத்தி வச்சுக்கிட்டம்னா, எங்கன வேணாலும் சுத்தமா வெட்டலாம். அதுக்குத்தான் கன்வெர்ட்."

அத்தை கொஞ்ச நேரம் யோசித்தார்கள். "நெல்லு அவிக்க மாதிரின்னு சொல்லு. பச்சையாக் குத்துனா நொறுங்கிப் போகும்லா?"

அத்தான் அசந்து போனார். "அதேதாம்மா!" என்றார். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் கன்வெர்ட் என்ற சொல் ஒழிந்தது. அவிக்கிறது என்றே ஆகிவிட்டது. கம்ப்யூட்டரில் பச்சை என்று ஒரு ஃபோல்டர், புழுங்கல் என்று ஒரு ஃபோல்டர். "அவிச்சாச்சா அத்தான்?" "பாதி அவிஞ்சிருக்கும்மா." வெளியாள் யாராவது கேட்டால் நாங்கள் அரிசி மில் வைத்திருக்கிறோம் என்றுதான் நினைப்பார்கள்.

அவித்ததும் ஒவ்வொன்றும் பத்து மடங்குக்குப் பெருத்துப் போனது. ஹார்ட் டிஸ்க் நிறைந்தது, இன்னொன்று வாங்கினார், அதுவும் நிறைந்தது. இவ்வளவு பெருத்தால் படம் இன்னும் தெளிவாகத்தானே இருக்கும்? என் வீட்டுக்காரர் ஆபீசில் எல்லோரிடமும், அண்ணன் அவித்து முடித்தால் தியேட்டரில் பார்க்கிற மாதிரி இருக்கும் என்று சொல்லி வைத்திருந்தார். அத்தான் அதைக் கேட்டுச் சிரித்தார். "தெளிவெல்லாம் ஒண்ணும் கூடிராதுலே. எடுத்தது எப்படியோ அப்படித்தான் இருக்கும். எடம்தான் கூட அடைக்கும்." தெளிவும் அதிகமாகாது, இடத்தையும் அடைக்கும் என்றால் எதற்கு இந்தப் பாடு என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டால் திரும்பவும் சுவர், கை என்று ஆரம்பிப்பார். சரி, எடிட் என்றால் அப்படித்தான் போல என்று விட்டுவிட்டேன்.

ஒரு தடவை அவித்ததில் சத்தம் முன்னால் போய்விட்டதாம், வாய் பின்னால் அசைகிறதாம். மறுபடியும் அவித்தார். அடுத்த தடவை, யாராவது கையை வீசினால் கையைச் சுற்றிச் சீப்புப் பல் மாதிரி கோடு விழுகிறதாம். மறுபடியும். அப்புறம் யாரோ புது சாஃப்ட்வேர் கொடுத்தார்கள், அதற்கு இந்தப் புழுங்கல் ஆகாதாம், வேறு பக்குவம் வேண்டுமாம். "நம்ம கல்யாணத்த அண்ணன் இன்னும் அடுப்பிலேருந்து எறக்கல" என்று என் வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரித்தேன். அவசரமில்லை என்று இருந்தேன்.

அந்த ஐப்பசி மழையில் எங்கள் அப்பா இறந்து போனார். நெஞ்சுவலி என்று படுத்தவர், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. அதற்கு முன்னால் ஒரு நாள்கூட அப்பா உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

துஷ்டிக்கு வந்த அத்தான் உள்ளே வரவில்லை. வாசலில் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் மழையில் நின்று அழுதார். சத்தம் போட்டு அழுதார். எல்லாவற்றையும் பொத்திப் பொத்திச் சொல்கிற மனிதர் அப்படி அழுவார் என்று யார் எதிர்பார்த்தார்கள்? எங்கள் சித்தப்பாதான் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார். சம்பந்தி வீட்டு மூத்த பிள்ளைக்கு இவ்வளவு பாசமா என்று எங்கள் தெருவில் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அந்த அழுகையைப் பார்த்து அவர்மேல் மனம் இளகிவிட்டது. அதே சமயம், அப்பாவோடு அவர் மொத்தமாகப் பேசியதே பத்து வார்த்தை இருக்காதே என்றும் தோன்றியது.

அதற்குப் பிறகு வீடியோ வேடிக்கையாக இல்லை. அப்பா நடமாடுகிற மாதிரி, பேசுகிற மாதிரி எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான். அம்மா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போன் பண்ணுவாள். முதலில் பேத்தி பேரன் விசேஷம் உண்டா என்பாள், அப்புறம் தயங்கித் தயங்கி, "அந்த வீடியோ என்னட்டி ஆச்சு?" என்பாள். "அப்பா கொரல ஒரு தடவ கேட்டாப் போதும்" என்பாள். நான் அத்தானுக்குப் போன் போடுவேன். "லேசா வேல பாக்கி இருக்கும்மா" என்பார்.

சோம்பேறியா என்றால் இல்லை, தினமும் மாடியில்தான் கிடக்கிறார். கல்மனசா என்றால் அப்படி அழுதவர் எப்படிக் கல்மனசு ஆவார்? ஒருவேளை தாலி கட்டுகிற நேரத்தில் கேமராவை அமுக்க மறந்துவிட்டாரோ, அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் இப்படி இழுக்கிறாரோ என்றுகூட யோசித்தேன். இப்படி என்னென்னவோ நினைத்து எனக்குத் தலை வலித்ததுதான் மிச்சம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் டவுணுக்குப் போனேன். அத்தை கோவிலுக்குப் போயிருந்தார்கள். அத்தான் மட்டும் இருந்தார். நான் உட்காரக்கூட இல்லை.

"அத்தான், எனக்கு எடிட்டும் வேண்டாம், பாட்டும் வேண்டாம். எடுத்தத அப்படியே குடுங்க."

"பச்சையாவா?"

"பச்சையாத்தான். தெணறுனா தெணறிட்டுப் போகுது. எங்க அப்பா தெணறித் தெணறிப் பேசுனாலும் நான் பாத்துக்கிடுதேன்."

அவர் முகம் செத்துவிட்டது. மஞ்சள் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மாடிக்குப் போய் ஒரு பென்டிரைவோடு வந்தார். நான் வாங்கி அங்கேயே கூடத்து டிவியில் செருகினேன்.

படம் ஓடியது. திணறவில்லை. ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. மேளம், ஐயர் குரல், என் சித்தியின் சிரிப்பு எல்லாம் சரியாக வந்தது. தாலி கட்டுகிறது முழுசாக இருந்தது. அட்சதை போட்டுவிட்டு அப்பா கண்ணைத் துடைக்கிறது இருந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"நல்லாத்தான ஓடுது? இதுக்கா இத்தன மாசம் அவிச்சிய?"

"பாக்கதுக்கு அவிக்காண்டாம்மா" என்றார் அத்தான். "வெட்டதுக்குத்தான் அவிக்கணும்."

அவர் இதை முன்பே சொன்னதுதான். சுவர், கை என்று அத்தனை தடவை சொன்னார். கணக்கு டீச்சர் நான்தான் அதைக் காதில் வாங்கவில்லை.

"அப்ப எத வெட்டப் போனிய?"

அவர் டிவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பந்தி ஓடிக்கொண்டிருந்தது. கேமரா பந்தியைத் தாண்டி, சமையல்கட்டைத் தாண்டி, மண்டபத்தின் பின்வாசலுக்குப் போனது. அங்கே படிக்கட்டில் அப்பா உட்கார்ந்திருந்தார். பட்டுச் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, வலது கையால் இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வேர்வை.

கேமராவுக்குப் பின்னாலிருந்து அத்தானின் குரல் கேட்டது. "இங்கன என்ன பண்ணுதிய மாமா? பந்தில எல்லாரும் தேடுதாவ."

"ஒண்ணுமில்ல பெரிய மாப்ள. கொஞ்சம் நெஞ்சப் பிடிச்ச மாதிரி இருந்துச்சு. இப்பச் சரியாப் போச்சு."

"டாக்டரக் கூப்பிடட்டா?"

"சும்மா இருங்க. பிள்ளைக்குத் தெரிஞ்சா மொகம் வாடிரும். அவ மொகம் இன்னைக்கு எப்படி இருக்குன்னு பாத்தியள்லா? நாளைக்குப் போய் டாக்டர்ட்டக் காட்டிக்கிடுதேன். யார்ட்டயும் சொல்லாதிய." அப்பா நிமிர்ந்து கேமராவைப் பார்த்தார். "இதையுமா எடுத்திய? வெட்டிருங்க மாப்ள."

"சரி மாமா."

அப்பா பொத்தானைப் போட்டார். கைப்பிடிச் சுவரைப் பிடித்து எழுந்தார். நேரே கேமராவுக்கு முன்னால் வந்து, தலைமுடியை ஒதுக்கிவிட்டு, "மொகம் நல்லாருக்கா?" என்று கேட்டுச் சிரித்தார். அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்தது குறைவு. சிரித்தபடியே பந்திக்குள் போனார். கேமராவும் அவர் பின்னாலேயே போனது.

நான் டிவியை நிறுத்தினேன்.

"எங்கன வெட்டதுன்னு தெரியலம்மா" என்றார் அத்தான். "வேர்வையோட இருக்கத வெட்டணும். சிரிக்கது வேணும். ரெண்டும் ஒண்ணா ஓடுது. வேர்வ காயவே இல்ல. எத்தன தடவ ஒக்காந்தாலும் கை வரல."

நான் கேட்டது வேறு. "எங்க அப்பாவுக்கு நெஞ்சுவலின்னு ஒங்களுக்குக் கல்யாணத்து அன்னைக்கே தெரியும். அப்படித்தான?"

"தெரியும்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"ரெண்டு மூணு தடவ மாமாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். டாக்டர்ட்டப் போயிட்டு வந்துட்டேன், ஒண்ணுமில்லன்னுட்டாவன்னு சொன்னாவ."

அப்பா எந்த டாக்டரிடமும் போகவில்லை. போயிருந்தால் அம்மாவுக்குத் தெரியாமல் இருக்காது. அப்பா பொய் சொல்லியிருக்கிறார், இவர் நம்பியிருக்கிறார். அல்லது நம்ப ஆசைப்பட்டிருக்கிறார். நான் கத்தினேன். அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பாவை இழுத்துக்கொண்டு போயிருப்பேனே என்று கத்தினேன். பொத்திப் பொத்தி வைத்து என்ன கண்டீர்கள் என்று கேட்டேன். இன்னும் என்னவெல்லாமோ கேட்டேன்.

அத்தான் கண்ணாடியைத் துடைக்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை. "நான் சொல்லியிருக்கணும்" என்றார் உடனே. "தப்பு என் பேர்லதான். மாமா செத்தது அதனாலதானோன்னு நெனைக்காத நாளு கெடையாது." அவ்வளவுதான்.

அவர் மன்னிப்புக் கேட்டு மழுப்பியிருந்தால் கோபம் அப்படியே நின்றிருக்கும். அப்பா கேட்டுக்கொண்டதைத்தானே செய்தார் என்று ஒரு பக்கம். கேட்டார் என்பதற்காகச் செய்துவிடுவதா என்று ஒரு பக்கம். என் முகம் வாடக்கூடாது என்று இரண்டு பேர் சேர்ந்து முடிவு பண்ணியிருக்கிறார்கள். அதில் ஒருவர் இல்லை, இன்னொருவர் என் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். யாரைப் பிடித்து உலுக்குவது? பென்டிரைவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டேன்.

பிறகு அவர் ஓசூர்ப் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். வருஷத்தில் ஒரு தடவை பார்த்தால் உண்டு. பார்த்தால் நன்றாகத்தான் பேசுகிறோம். என் வீட்டுக்காரருக்கும் எல்லாம் தெரியும். அத்தான் போட்டோ எதிலாவது கண்ணில் பட்டால் பாசமும் வருகிறது, பல்லைக் கடிக்கவும் தோன்றுகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டைக்குத் திரும்புகிற டவுண் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறுகிற நேரத்தில் அம்மாவிடமிருந்து போன் வந்தது. டவுணுக்குப் போவதை அவளிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

"என்னட்டி, வீடியோ கெடச்சுதா?"

"கெடச்சுதும்மா."

"அப்பா அதுல எப்படி இருக்காவ?"

"நல்லா இருக்காவம்மா. சிரிக்காவ."

"எப்பக் கொண்டாருவ? நாளைக்கு வாறியா?"

பையைத் திறந்து பார்த்தேன். விரல் நீளம்கூட இல்லாத சாமான். அதை இப்படியே கொண்டு போய்க் கொடுத்தால் அம்மா முதலில் கேட்கப் போவது என்னவென்று எனக்குத் தெரியும். கூடவே இருந்த எனக்கு எப்படித் தெரியாமல் போச்சு என்றுதான் கேட்பாள், அதையும் தன்னைப் பார்த்தே கேட்டுக்கொள்வாள். அதன் பிறகு அவள் எப்படித் தூங்குவாள்?

"இன்னும் கொஞ்சம் வேலை கெடக்கும்மா" என்றேன். "முடிச்சுக் கொண்டாறேன்."

"அதுக்கென்னட்டி, பைய முடி" என்றாள் அம்மா. "ஒண்ணும் அவசரமில்ல. நல்லா வரட்டும்."